சிவப்பு நோட்டும் சுண்டக்குழம்பும்: சத்யஜித் ரேயின் 49 வருட வேலை

1952 அக்டோபர் 27. வங்காளத்தில் பர்த்வான் பக்கம் ஒரு நாணல் காடு, வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடக்கிறது. கல்கத்தா விளம்பர நிறுவனம் ஒன்றில் ஓவியராக இருக்கும் 31 வயதுக்காரர், நண்பர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு வந்து, ஒரு சிறுவனையும் சிறுமியையும் அந்தப் பூவுக்குள் நடமாடவிட்டுப் படம் பிடிக்கிறார். கேமராவைப் பிடித்திருக்கும் பையன் இருபதைத் தாண்டி ஒன்றிரண்டு வருடம்தான் ஆகியிருக்கும். அதற்கு முன் மூவி கேமராவை இயக்கிப் பழகியவன் அல்ல. காட்சியில் பாதி முடிந்தது. மீதியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று ஊர் திரும்பினார்கள். ஞாயிறன்று போனால் பூவைக் காணோம். நடுவில் மாடுகள் வந்து மொத்தத்தையும் மேய்ந்துவிட்டன. அந்தப் புல் வருடத்துக்கு ஒரு பருவம்தான் பூக்கும். மீதிக் காட்சிக்கு அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சத்யஜித் ரேயைப் பற்றி எழுதுகிற எல்லோரும், அவரது முதல் படமான 'பதேர் பாஞ்சாலி'யின் இந்த மாட்டுக் கதையைச் சொல்லிவிடுவார்கள், பொறுமைக்கு உதாரணமாக. எனக்கு அதில் பொறுமை அவ்வளவாகத் தெரியவில்லை. பூ போனதும் அவர் என்ன செய்தார் என்பதுதான் என்னை உறுத்தியது. ஆபீஸ் போனார். விளம்பரம் வரைந்தார். புத்தகத்துக்கு அட்டை போட்டார். பூ பூக்கும்வரை கை ஓய்ந்திருக்கவில்லை.

இதைத் தோண்ட எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. பத்திரிகை லேஅவுட்டில் தொடங்கி, விளம்பரம், புத்தக அட்டை, இப்போது செல்போன் செயலிகளுக்குப் படம் போடுவது என்று நான்கு தொழில் மாறியவன் நான். மாறும்போதெல்லாம் பழைய பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் புதிதாக உலை வைப்பதுதான் முறை என்று நினைத்திருந்தேன். நாலாவதில் வந்து நிற்கும்போது கை வரவில்லை. சரக்கு தீர்ந்துபோச்சோ என்ற பயம். அப்போதுதான் ரேயின் வேலைகளை, ரசிகனாக இல்லாமல் கணக்குப்பிள்ளை மாதிரி, வருடவாரியாக ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்.

எழுதி முடித்ததும் கண்ணில் பட்ட முதல் விஷயம் இது. அவர் தொழில் மாறவே இல்லை. கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். 1943இல் விளம்பர ஓவியர். அதோடு புத்தக அட்டை. அதோடு சினிமா. 1961இலிருந்து அதோடு இசையும் எழுத்தும். சினிமாவுக்கு வந்தபின் ஆபீஸ் சம்பளத்தை விட்டார், அது சரி. ஆனால் ஆபீஸில் கற்ற எழுத்து வரைதலை விடவில்லை. தன் படங்களின் சுவரொட்டி, டைட்டில் எல்லாம் அவர் கைதான். 1971இல் அவர் வடிவமைத்த ஆங்கில எழுத்துருக்கள் இரண்டு, சர்வதேசப் போட்டி ஒன்றில் பரிசு வாங்கின. அந்த வருடத்தில் அவர் உலகம் அறிந்த இயக்குநர். எழுத்துரு வரைந்துதான் ஆக வேண்டும் என்று யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

அச்சுக்கூடத்துப் பிள்ளை

பரம்பரைச் சொத்து என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடலாம். தாத்தா உபேந்திரகிஷோர் ஓவியர், எழுத்தாளர், புகைப்படத்தை அச்சில் கொண்டுவர உதவும் ஹாஃப்டோன் பிளாக் செய்யும் முறையில் ஆராய்ச்சி செய்தவர். 1913இல் 'சந்தேஷ்' என்ற சிறுவர் பத்திரிகையைத் தொடங்கினார். வங்காளியில் சந்தேஷ் என்றால் சேதி, மிட்டாய் இரண்டும்தான். சிறுவர் பத்திரிகைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. அப்பா சுகுமார் ரே, வங்கக் குழந்தைகள் இன்றும் மனப்பாடமாகச் சொல்லும் விளையாட்டுப் பாட்டுகளை எழுதியவர். வீட்டின் ஒரு பகுதியே அச்சுக்கூடம். டர்பன்டைன் வாசனை வந்தால் அந்த பிளாக் அறைதான் கண்முன் வருகிறது என்று ரே பின்னாளில் தன் பால்ய நினைவுகளில் எழுதியிருக்கிறார்.

ஆனால் கதையின் மறுபக்கமும் உண்டு. 1923இல் சுகுமார் இறந்தபோது சத்யஜித்துக்கு இரண்டரை வயது கூட நிரம்பவில்லை. சில வருடங்களில் அச்சுக்கூடம் கடனில் போனது. பத்திரிகை நின்றது. வீடும் போய், அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனார். ஆக, கையில் கிடைத்தது சொத்து அல்ல, வாசனை மட்டும்தான்.

ஓவியம் படிக்கத் தாகூரின் சாந்திநிகேதனுக்கு 1940இல் அரை மனதோடு போனார். படிப்பை முடிக்காமலே 1942இல் திரும்பிவிட்டார். இடையில் கிடைத்த ஒரு பாடம் மட்டும் போதும். மரம் வரையும்போது கோட்டை மேலிருந்து கீழே இழுக்காதே, அடியிலிருந்து மேலே கொண்டுபோ, மரம் அப்படித்தானே வளர்கிறது என்று ஆசிரியர் நந்தலால் போஸ் சொல்லிக்கொடுத்தார். தூரிகையைப் பற்றிய பாடம் மாதிரி இருக்கும், கண்ணைப் பற்றிய பாடம் அது. இன்னொரு ஆசிரியர் வினோத் பிஹாரி முகர்ஜி பின்னர் பார்வையை இழந்தார். முப்பது வருடம் கழித்து, 1972இல், ரே அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். இந்த முப்பது வருட இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதே மாதிரி இன்னும் சில வரும்.

எண்பது ரூபாய் வேலை

1943 ஏப்ரலில் டி.ஜே. கீமர் என்ற பிரிட்டிஷ் விளம்பர நிறுவனத்தின் கல்கத்தா கிளையில் இளநிலை ஓவியராகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 80 ரூபாய். மலேரியா மாத்திரை விளம்பரம் எல்லாம் வரைந்தார். அங்கே மேலதிகாரியாக இருந்த டி.கே. குப்தா, சிக்னெட் பிரஸ் என்று ஒரு பதிப்பகம் தொடங்கி, அட்டை வரைய ரேயைக் கூப்பிட்டார். உண்மையான பள்ளிக்கூடம் அதுதான்.

ஒரே ஒரு அட்டையைச் சொல்கிறேன். குமாவுன் மலையின் ஆட்கொல்லிப் புலிகளைப் பற்றி ஜிம் கார்பெட் எழுதிய புத்தகத்தின் வங்க மொழிபெயர்ப்பு. முன்னட்டை முழுக்கப் புலித்தோல், அதில் ஒரு துளை. பின்னட்டையிலும் புலித்தோல், அதே இடத்தில் இன்னும் பெரிய துளை. குண்டு உள்ளே போன வாய் சிறியது, வெளியே வந்த வாய் பெரியது. புத்தகம்தான் புலி. அட்டை என்றால் முன்பக்கம் ஒரு படம் என்று நினைக்கிறவனுக்கு இது வராது. புத்தகத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிற ஒருவனை, அவன் கை அசைகிற நேரத்தை, நினைத்து வரைந்தது இது. பின்னாளில் ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்குப் போகிறபோது அவர் செய்ததும் இதுதானே என்று எனக்குத் தோன்றும். நான் லேஅவுட் வேலை பார்த்த காலத்தில் பின்னட்டை என்றால் விலையும் ஆசிரியர் புகைப்படமும் போடும் இடம். அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை, நானும்தான்.

அதே பதிப்பகத்துக்காக, 1940களின் நடுவில், விபூதிபூஷண் பந்தோபாத்யாயாவின் 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சிறுவர் சுருக்கப் பதிப்புக்குப் படம் போட்டார். மழையில் அக்காவும் தம்பியும் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படம் அதில் ஒன்று. அது அப்படியே பத்து வருடம் கழித்துத் திரையில் வந்தது. அந்தத் திரைப்படத்துக்கு முறையான திரைக்கதைப் புத்தகமே கிடையாது, வரைந்த படங்களின் கட்டுதான் இருந்தது. தயாரிப்பாளர்களிடம் அதைத்தான் விரித்துக் காட்டினார். அவர்கள் பார்த்துவிட்டுக் காப்பி கொடுத்து அனுப்பினார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்குச் சுண்டக்குழம்பு ஞாபகம் வந்தது. நேற்று வைத்த குழம்பு, இன்று அடுப்பில் ஏறிச் சுண்டிச் சுண்டிக் கெட்டியாகி, நேற்றைவிட ருசியாக வருமே, அது. மிச்சத்தைக் கொட்டிவிடுகிற வீட்டில் அந்த ருசி தெரியாது.

சினிமாவைக் கற்றதும் இப்படி மிச்ச நேரத்தில்தான். ஒரு நாவல் படமாகப் போகிறது என்று கேள்விப்பட்டால், படம் வருவதற்கு முன்பே தானாக அதற்கு ஒரு திரைக்கதை எழுதி வைத்துக்கொள்வார். படம் வந்ததும் போய்ப் பார்த்து, எங்கே தான் சறுக்கினோம், எங்கே அவர்கள் சறுக்கினார்கள் என்று ஒப்பிடுவார். பைசா வராத வேலை, யாரும் கேட்காத வேலை. 1947இல் நண்பர்களோடு கல்கத்தா ஃபிலிம் சொசைட்டி. 1949இல் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரென்வார் படப்பிடிப்புக்கு இடம் தேடி வந்தபோது கூடவே சுற்றினார். 1950இல் நிறுவனம் லண்டனுக்கு அனுப்பியது, விளம்பரம் கற்றுக்கொள்ள. அவர் அந்தச் சில மாதங்களில் ஏறக்குறைய நூறு படம் பார்த்தார். திரும்பும் கப்பலில் பதேர் பாஞ்சாலிக்கான குறிப்பை எழுதத் தொடங்கிவிட்டார்.

பிறகு நடந்தது ஊரறிந்த கதை, வேகமாகக் கடந்துவிடலாம். இன்ஷூரன்ஸ் பாலிசி அடமானம், இசைத்தட்டுகள் விற்பனை, மனைவி பிஜோயாவின் நகை அடகு. பணமில்லாமல் படப்பிடிப்பு மாதக்கணக்கில் நின்றது. கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் தந்தது. பதேர் பாஞ்சாலி என்றால் 'சாலையின் பாட்டு' என்று பொருள் என்பதால் சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதினார்கள் என்பது தனி வேடிக்கை. 1955 ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தாவில் வெளியானது. மறு வருடம் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் பரிசு.

ஐந்தாவது அடுப்பு

1961. ரேக்கு நாற்பது வயது. பதேர் பாஞ்சாலியில் தொடங்கிய அப்பு வரிசையின் மூன்று படங்களும் முடிந்துவிட்டன. பெயர் கிடைத்தாகிவிட்டது. இந்த வயதில், இந்த நிலையில், நம்மில் பலர் ஒரு படி கீழே இறங்க மாட்டோம். அவர் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயாவோடு சேர்ந்து, தாத்தா தொடங்கி அப்பா நடத்தி நின்றுபோன அந்தச் சிறுவர் பத்திரிகையைத் திரும்ப ஆரம்பித்தார்.

பத்திரிகை என்றால் மாதா மாதம் பக்கம் நிரம்ப வேண்டும். அதற்கு முன் இளமையில் ஆங்கிலத்தில் இரண்டொரு சிறுகதை எழுதியதோடு சரி, வங்காளியில் கதை எழுதிய பழக்கம் அவருக்கு இல்லை. முதலில் எட்வர்ட் லியரின் வேடிக்கைப் பாட்டு ஒன்றை மொழிபெயர்த்தார். சில மாதத்தில் பேராசிரியர் ஷோங்கு என்ற கிறுக்கு விஞ்ஞானி வந்துவிட்டார். 1965 டிசம்பரில் ஃபெலுடா என்ற துப்பறிவாளர். ஒரே ஒரு கதையோடு முடிந்துபோக வேண்டியவர், வாசகர்கள் விடாததால் வளர்ந்தார். அப்புறம் 'தேஷ்' பத்திரிகையின் பூஜா சிறப்பிதழ் வந்து வாசலில் நின்றது. நம்மூர் தீபாவளி மலர் மாதிரிதான் அது. வருடா வருடம் குறித்த நாளுக்குள் கதை போய்ச் சேர வேண்டும். முப்பத்தைந்து ஃபெலுடா கதைகள் முழுமையாக வந்தன. பெரும்பாலானவற்றுக்குப் படமும் அவரே.

உந்துதல் வரட்டும், பிறகு எழுதலாம் என்று அவர் உட்கார்ந்திருந்தால் ஷோங்குவும் இல்லை, ஃபெலுடாவும் இல்லை. அச்சுக்கு ஒரு பக்கம் காலியாக இருந்தது, அதனால் வந்தார்கள். பத்திரிகையில் வேலை செய்தவர்களுக்கு இந்த உணர்வு தெரியும். காலிப் பக்கத்தைப் போல மிரட்டுகிற குரு கிடையாது.

கூடவே ஒரு நடைமுறை விஷயம். அவர் படங்களிலிருந்து பெரிய பணம் வரவில்லை. குடும்பச் செலவுக்குப் புத்தக வருமானம் நல்ல துணையாக இருந்தது. அதனால்தான் பணத்துக்காகப் படம் எடுக்க வேண்டிய நிலைக்கு அவர் போகவில்லை என்று நினைக்கிறேன். ஒரு அடுப்பு வீட்டுக்குச் சமைத்தது, இன்னொன்று விருந்துக்கு.

கதைகள் எங்கே நடக்கின்றன?

என் தாளில் ஃபெலுடா கதைகளின் ஊர்களை ஒரு பத்தியாகவும், ரே படப்பிடிப்புக்குப் போன ஊர்களைப் பக்கத்துப் பத்தியாகவும் எழுதினேன். இதை எழுதும்போதுதான் எனக்கு உண்மையிலேயே ரோமம் சிலிர்த்தது.

1962இல் டார்ஜிலிங்கில் ஒரு வண்ணப்படம் எடுத்தார். ஃபெலுடாவின் முதல் கதை டார்ஜிலிங்கில் நடக்கிறது. 1968இல் கூபி–பாகா என்ற சிறுவர் படத்தின் ஒரு பகுதிக்காக ராஜஸ்தானின் ஜெய்சால்மர் கோட்டைக்குப் போனார். 1971இல் வந்த ஃபெலுடா கதை, மஞ்சள் கல்லால் ஆன அந்தத் 'தங்கக் கோட்டை'யைத் தேடிப் போவது. மூன்று வருடம் கழித்து அந்தக் கதையைப் படமாக்க மறுபடியும் அதே கோட்டைக்கு. காசியின் படித்துறைகளில் 1956இல் 'அபராஜிதோ' எடுத்தார். எழுபதுகளில் ஃபெலுடா காசிக்குப் போய் ஒரு பிள்ளையார் சிலையைத் தேடுகிறார், பிறகு அதுவும் படமானது. சிக்கிமைப் பற்றி ஆவணப்படம் எடுத்த அதே காலகட்டத்தில் ஃபெலுடா கேங்டாக்கில் திரிகிறார்.

படப்பிடிப்புக்கு இடம் பார்க்கப் போகிறவன் நூறு விஷயம் பார்க்கிறான். பத்து படத்துக்குள் போகிறது. மீதி தொண்ணூறு? சந்து, கடை, ஹோட்டல் அறையின் ஜன்னல், ஒட்டகக்காரன் பேச்சு. நானும் வேலை நிமித்தமாக ஊர் ஊராகப் போயிருக்கிறேன். மிச்ச தொண்ணூறு போனில் புகைப்படமாகக் கிடந்து, போன் மாற்றும்போது போய்விட்டது. ரேக்கு அவற்றைக் கொட்டி வைக்க இன்னொரு பாத்திரம் இருந்தது.

பாத்திரம் என்று சும்மா சொல்லவில்லை. கேரோர் காத்தா என்று வங்காளத்துக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் சிவப்புத் துணி பைண்டு போட்ட கணக்கு நோட்டு. நம்மூர் மண்டிக் கடையின் பேரேட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஒரு படத்துக்கு ஒரு நோட்டு என்று வைத்துக்கொண்டு, வசனம், ஷாட்டின் சிறு படம், உடையின் வண்ணம், மேஜை எங்கே போட வேண்டும், எல்லாவற்றையும் அதிலேயே எழுதுவார், வரைவார், அடிப்பார், திருப்பி எழுதுவார். எழுத்துக்கு ஒரு நோட்டு, ஓவியத்துக்கு ஒரு நோட்டு என்று பிரிக்கவில்லை. வரைகிற கையும் எழுதுகிற கையும் ஒன்றுதான், நோட்டும் ஒன்றாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டார் போலும்.

இதில் ஒரு நஷ்டக் கணக்கும் உண்டு. 1962இல் சந்தேஷுக்காக, வங்கக் கிராமத்தில் வந்து இறங்கும் வேற்றுக்கிரகவாசியைப் பற்றி ஒரு சிறுகதை எழுதினார். அது வளர்ந்து 1967இல் ஹாலிவுட் கம்பெனி ஒன்று எடுப்பதாக இருந்த திரைக்கதை ஆனது. கடைசியில் கைநழுவியது. அந்த ஏமாற்றத்துக்குப் பிறகு திரைக்கு வந்த அவரது படம், குழந்தைகளுக்காக, தாத்தா எழுதிய ஒரு பேய்க் கதையிலிருந்து எடுத்தது. எங்களுக்கும் ஒரு படம் எடுங்களேன் என்று மகன் சந்தீப் கேட்டிருந்தான்.

பேய்களுக்கு மிருதங்கம்

அந்தப் படம்தான் 'கூபி கைன் பாகா பைன்', 1969. தமிழ் வாசகர்கள் இதில் ஒரு ஆறு நிமிடத்தை அவசியம் பார்க்க வேண்டும்.

காட்டில் பேய்கள் ஆடுகின்றன. நான்கு ஜாதிப் பேய்கள்: ராஜாக்கள், குடியானவர்கள், வெள்ளைக்காரர்கள், தொந்தி பெருத்தவர்கள். கதையில் தாத்தா, பேய்கள் வந்து ஆடின என்பதோடு விட்டுவிட்டார். எப்படி ஆடின, என்ன இசைக்கு ஆடின என்று அதில் ஒன்றும் இல்லை. ரேக்கு இங்கே பாட்டு வைப்பது சரியாகப் படவில்லை. பேய்க்கு ராகம் எதற்கு? அந்தச் சமயத்தில் அவர் ஒரு தென்னிந்தியத் தாளவாத்தியக் கச்சேரி கேட்டிருந்தார். அது நினைவுக்கு வந்தது.

அதிலிருந்து நான்கை மட்டும் எடுத்தார். ராஜாக்களுக்கு மிருதங்கம், கச்சேரி மேடையின் கம்பீரம் அதற்குத்தானே உண்டு. குடியானவர்களுக்குக் கஞ்சிரா, மண்வாசனைக்காக. வெள்ளைக்காரர்களுக்குக் கடம், அந்த விறைத்த ஓசைக்காக. தொந்திக்காரர்களுக்கு முகர்சிங். முகர்சிங்கின் அந்த 'டொய்ங்' சத்தத்தைக் கேட்டுச் சிரிக்காத குழந்தை உண்டா? ஒவ்வொரு கூட்டமும் தனித்தனியாக வந்து ஆடி, பிறகு தங்களுக்குள் அடித்துக்கொண்டு, கடைசியில் ஒன்றாக ஆடுகின்றன. வாய்ப்பாட்டு கிடையாது, சுரம் கிடையாது, தோலும் மண்ணும் இரும்பும் மட்டும்.

நம் சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து கேன்டீனுக்குப் போகிற பழக்கம் நமக்கு. அந்த மனிதர் உட்கார்ந்து கேட்டு, அதில் நான்கு குணச்சித்திரங்களைக் கண்டெடுத்துக்கொண்டு போய்விட்டார். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது, நானும் போண்டா தின்னப் போகிற கட்சி.

இசைக்கு அவர் வந்த வழியும் தேவையால்தான். ஆரம்பப் படங்களுக்கு ரவிசங்கர், விலாயத் கான், அலி அக்பர் கான் போன்ற பெரியவர்கள். பதேர் பாஞ்சாலிக்கு ரவிசங்கர் ஒரே இரவில் உட்கார்ந்து வாசித்துக் கொடுத்துவிட்டுப் போனார். கச்சேரி வித்வான்களுக்கு நேரம் கிடைப்பது கஷ்டம், அவர்களுக்கு என்று சொந்த எண்ணங்களும் உண்டு. படத்தில் பதினேழு வினாடிதான் இடம் என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்? 1961இல் 'தீன் கன்யா'விலிருந்து தானே இசையமைக்கத் தொடங்கினார்.

தென்னிந்தியத் தொடர்பு என்று சொன்னதால் இன்னொன்று. 1935இல், பதினான்கு வயதில், கல்கத்தாவில் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி ஆடுவதைப் பார்த்தார். 1976இல் அவரைப் பற்றி 'பாலா' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். தமிழ்நாடு அரசும் பம்பாயின் தேசிய நிகழ்த்துகலை மையமும் சேர்ந்து தயாரித்தன. நடுவில் நாற்பத்தொரு வருடம். பாலாவுக்கு அப்போது 58 வயது. கடற்கரையில் 'கிருஷ்ணா நீ பேகனே' ஆடவைத்தது நல்ல யோசனையா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அந்தக் காற்றில் முகத்தின் நுட்பம் பறந்துபோகிறது. ஆனால் பதினான்கு வயதுப் பையன் பார்த்ததைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தான் பாருங்கள்.

கணக்கில் பற்று வைக்க வேண்டியவை

இந்த முறைக்கு விலை இல்லாமல் இல்லை. எல்லாவற்றையும் தானே செய்யத் தொடங்கினால் மற்றவர்களுக்கு இடம் சுருங்கும். நாணல் காட்டில் கேமரா பிடித்த அந்தப் பையன் சுப்ரதா மித்ரா, இந்திய ஒளிப்பதிவின் மிகப் பெரிய பெயர்களில் ஒருவராக வளர்ந்தார். அறுபதுகளில் ரே கேமராவைத் தானே இயக்க ஆரம்பித்தார். 1966இல் வந்த 'நாயக்' படத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து வேலை செய்யவில்லை. பிரிவுக்குக் காரணம் இதுதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வீட்டில் எல்லா அடுப்பையும் ஒருவரே பார்த்தால், கூட இருப்பவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் போவது இயல்பு. அதற்குப் பிந்தைய படங்களில் அந்த மென்மையான ஒளியை நான் தேடிக்கொண்டே இருப்பேன்.

இசையிலும் அப்படித்தான். 'சாருலதா'வின் இசை அற்புதம். ஆனால் பதேர் பாஞ்சாலியின் அந்த ஒரு ராத்திரி வாசிப்பு காதில் நிற்பது போல அவருடைய வேறு பல படங்களின் இசை நிற்பதில்லை. இது என் காது.

1983இல் தாகூரின் நாவலைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பு. மகன் சந்தீப் மீதியை முடித்தார். அமெரிக்காவில் அறுவை சிகிச்சை. சில வருடம் முழுநீளப் படம் எதுவும் இல்லை. இங்கே மறுபடியும் அந்த நாணல் காட்டுக் கணக்குதான். ஒரு அடுப்பு அணைந்தது, மற்றது எரிந்தது. ஷோங்குவும் ஃபெலுடாவும் வந்துகொண்டே இருந்தார்கள். 1987இல் அப்பா சுகுமாரைப் பற்றி அரை மணி நேர ஆவணப்படம் ஒன்று செய்தார். முகமே நினைவில் இல்லாத அப்பா, அவர் எழுதியதும் வரைந்ததும் பழைய புகைப்படங்களும்தான் சரக்கு. அச்சுக்கூடத்துப் பிள்ளைக்கு அது போதுமாக இருந்தது.

1989இல் திரும்ப வந்தபோது, வெளியே போகக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டதால், இப்சனின் நாடகம் ஒன்றை முழுக்க ஸ்டுடியோவுக்குள் எடுத்தார். ஆட்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள், எழுந்து பேசுகிறார்கள், மறுபடி உட்கார்ந்து பேசுகிறார்கள். அவருடைய படங்களில் எனக்கு மிகச் சோர்வு தந்தது அது. ஊர் சுற்றுவது நின்றதும் சரக்கின் ஒரு வாய்க்கால் அடைபட்டது என்பது அதில் பச்சையாகத் தெரிகிறது. சும்மா மிச்சம் மிச்சம் என்று பேசிக்கொண்டிருக்கிறேன், மிச்சம் வேண்டுமென்றால் முதலில் புதுக் குழம்பு வைத்திருக்க வேண்டும், அதற்கு மார்க்கெட்டுக்குப் போயாக வேண்டும். 1991இல் வந்த கடைசிப் படத்தில் கொஞ்சம் சுதாரித்துக்கொண்டார். உலகம் முழுக்கச் சுற்றிவிட்டு வருடக்கணக்கு கழித்துச் சகோதரி மகள் வீட்டுக்கு வந்து நிற்கும் ஒரு மாமாவின் கதை அது. வெளியே போக முடியாதவர், போய்விட்டு வந்தவனை வீட்டுக்குள் கூட்டிவந்துவிட்டார்.

அந்தக் கடைசிப் படத்தின் மூலமும் அவர் எழுதிய ஒரு சிறுகதைதான்.

மேஜையில் இருந்தவை

1992 மார்ச்சில் ஆஸ்கர் வாழ்நாள் விருது வந்தபோது கல்கத்தா மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபடியே சிலையை வாங்கிக்கொண்டு பேசினார், கேமராவில் பதிந்து அமெரிக்காவில் காட்டினார்கள். ஏப்ரல் 23 அன்று இறந்தார். வயது எழுபது, இன்னும் ஒன்பது நாளில் எழுபத்தொன்று.

அடுத்த படத்துக்கான திரைக்கதை தயாராக இருந்தது. சந்தீப் அதைப் பின்னர் எடுத்தார். நோட்டுகளில் முடிக்காத ஃபெலுடா கதைகள் சில கிடந்தன. ஒன்றிரண்டில் துப்புக் கொடுத்தாகிவிட்டது, குற்றவாளி யார் என்று எழுதவில்லை. அவற்றையும் அப்படியே அச்சிட்டு வெளியிட்டார்கள்.